ஐந்நூறு ஒட்டுச்சீட்டுகள்: விக்கிப்பீடியாவில் எழுதப் போனதும் அங்கிருந்து எடுத்து அச்சிட்டதும்

ஜூலை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானும் என் மனைவியும் மகளும் 32 பக்கச் சிறுநூல் ஒன்றின் பின்னட்டையில் விரல் நீளச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். அச்சிட்டது மொத்தம் 500 படிகள். மைதா காய்ச்சிய பசை பிற்பகலிலேயே தீர்ந்து, கடையில் வாங்கிய பசைக் குப்பியும் தீர்ந்து, கடைசி நூறு படிகளுக்குப் பள்ளி மாணவர்கள் சிலரை அழைக்க நேர்ந்தது. முன்பே கேட்டிருந்தால் அச்சிலேயே நான்கு வரியில் முடிந்திருக்கக்கூடிய வேலை இது.

நான் வேலூரை அடுத்த ஒரு பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி மாணவர்கள் கையில் கொடுக்க எளிய நூல் ஒன்று இருக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் விக்கிப்பீடியாவின் பக்கம் போனேன். அங்கே இருப்பதைத் திருத்தவும், திருத்தியதிலிருந்து எடுத்துக்கொள்ளவும் எவருக்கும் உரிமை உண்டு என்ற அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. அந்த உரிமையோடு வரும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக, அடிபட்ட பிறகே தெரிந்துகொண்டேன்.

முதலில் நான் கைவைத்தது என் சொந்த ஊரைப் பற்றிய கட்டுரையில். ஆற்காட்டை அடுத்த அந்தச் சிற்றூர் நான் பிறந்தபோது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் திருவண்ணாமலைப் பகுதி தனியாகப் பிரிந்தபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாயிற்று. பிறகு அது வேலூர் மாவட்டம் என்றானது. 2019 நவம்பர் 28 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். வீட்டை விட்டு ஓரடி நகராமலே என் அம்மா நான்கு மாவட்டப் பெயர்களில் குடியிருந்துவிட்டார், ஆனால் கட்டுரை மட்டும் வேலூரிலேயே நின்றுவிட்டது. ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று கைப்பேசியில் தொகுப்பதற்குரிய மூல உரையைத் திறந்து, பக்கத்தின் மேலே ஊர் விவரங்களை அடுக்கிக் காட்டும் தகவற்பெட்டியில் இருந்த மாவட்டப் பெயரை அழித்தபோது, அதனோடு இரண்டு நெளிவு அடைப்புக்குறிகளும் சேர்ந்து போய்விட்டதை நான் கவனிக்கவில்லை. சேமித்துவிட்டுப் பார்த்தால் பெட்டியே இல்லை. அஞ்சல் குறியீடும் மக்கள்தொகையும் அகலாங்கும் செங்குத்துக் கோடுகளோடும் சமக்குறிகளோடும் பக்கத்தின் தலைமாட்டில் கொட்டிக்கிடந்தன. பதற்றத்தில் மேலும் மூன்று முறை தொகுத்து அதை இன்னும் கெடுத்தேன்.

அன்று மாலைக்குள் யாரோ பழைய நிலைக்கு மீட்டுவிட்டார்கள். ஊர் மீண்டும் வேலூர் மாவட்டத்துக்குப் போயிற்று. எங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று எனக்குத் தெரியாதா என்ற கோபத்தில் மறுநாளும் அதையே செய்தேன், அதுவும் மீட்கப்பட்டது. உண்மையில் மாவட்டப் பெயரைப் பற்றி எவருக்கும் மறுப்பே இல்லை. தகவற்பெட்டியின் அச்சான வார்ப்புரு சிதைந்துவிட்டதால் மீட்டதாக, யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் பக்க வரலாற்றில் ஒரு வரி எழுதியே வைத்திருந்தார்கள். நான்தான் 'வரலாறு' என்ற பகுதியை அதுவரை திறந்ததே இல்லை. புதிதாகப் போகிறவர்கள் சேமிப்பதற்கு முன் முன்தோற்றத்தைப் பார்த்துவிடுங்கள். எதற்காக மாற்றினீர்கள் என்று சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு நான் செய்தவை, பார்த்தவர்களுக்கு விஷமமாகத் தோன்றியதில் வியப்பில்லை. தகவற்பெட்டியைத் தொடுகிறவர்கள் மடிக்கணினியில் தொடுவது நல்லது.

கேள்வி கேட்பதற்கென்றே தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஒத்தாசைப் பக்கம்' என்று ஒன்று உண்டு. பொதுவான கலந்துரையாடலுக்கு 'ஆலமரத்தடி', எழுதிப் பழகுவதற்கு 'மணல்தொட்டி'. இந்தப் பெயர்களைப் பார்த்ததுமே எனக்குப் பாதி கோபம் தணிந்தது என்பதைச் சொல்லவேண்டும். கணக்கு தொடங்கியது இரண்டு நிமிட வேலை. ஒத்தாசைப் பக்கத்தில் என் கேள்வியை எழுதிவிட்டு, மின்னஞ்சலில் பதில் வரும் என்று நான்கு நாள் காத்திருந்தேன். வரவில்லை. இலவசமாக நடப்பது இப்படித்தான் இருக்கும் என்று சக ஆசிரியரிடம் குறைபட்டுக்கொண்ட அன்றைக்குத்தான் அவர் அந்தப் பக்கத்தையே திறந்து காட்டினார். என் கேள்விக்கு அடியிலேயே, நான் கேட்ட மறுநாளே, பொறுமையான பதில் இருந்தது. அதன் கடைசி வரி, கையொப்பம் இடுமாறு என்னைக் கேட்டுக்கொண்டது. நான்கு அலைக்குறிகளை (~) அடுத்தடுத்து இட்டால் பெயரும் நேரமும் தாமே விழும். என் கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையில் அந்தக் குறியைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எண்களுக்குப் போய், அங்கிருந்து குறிகளின் இரண்டாம் பக்கத்துக்குப் போகவேண்டும்.

இனிதான் பெரிய வீண் அலைச்சல். புரட்சியின் இருநூறாம் ஆண்டான 2006இல் உள்ளூர் அமைப்பொன்று வெளியிட்ட மலரில் நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தேன். அதிலிருந்து ஆறு பத்திகளைத் தட்டச்சு செய்து விக்கிப்பீடியாக் கட்டுரையில் சேர்த்தேன். மூன்று இரவு வேலை. ஏற்கெனவே அச்சான நூலிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டதாகத் தெரிவதாகவும், பதிப்புரிமைச் சிக்கல் இருப்பதாகவும் குறிப்பிட்டு அதை நீக்கினார்கள். எழுதியவன் நானே என்றேன். அதை எப்படி அறிவது என்று பணிவாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். புனைபெயரில் கணக்கு வைத்திருப்பவன் மலரில் எழுதியவனும் நானே என்றால் யார் நம்புவது? தவிர, மலரின் இரண்டாம் பக்கத்தில் உரிமை அமைப்புக்கே என்று அச்சிட்டிருந்தது. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி, அதற்கென உள்ள தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சலில் வரவேண்டும் என்று சொன்னார்கள்.

அமைப்பின் செயலாளர் காட்பாடியில் இருக்கிறார். முதல் முறை போனபோது அவர் திருப்பதிக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை, "நீ எழுதினதுதானே தம்பி, எடுத்துப் போட்டுக்கோ, இதுக்கு எதுக்குக் கடிதம்?" என்று சிரித்தார். வற்புறுத்தியபின் முகப்புத்தாளில், முத்திரையோடு, "விக்கிப்பீடியாவில் மட்டும், வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தார். அதை ஒளிவருடி அனுப்பிவிட்டு வெற்றி பெற்றதாகவே நினைத்தேன். ஆனால் அந்தக் கடிதம் செல்லாது. விக்கிப்பீடியாவில் இருப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது படைத்தவரைக் குறிப்பிட்டு, மாற்றினால் மாற்றியதையும் அதே உரிமத்திலேயே வெளியிடவேண்டும் என்ற நிபந்தனையோடு, யாரும் எதற்கும், விற்பனைக்கும்கூட, பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டில் இருப்பது. 'மட்டும்' என்ற சொல்லும் 'வணிக நோக்கமின்றி' என்ற தொடரும் இருக்கும்வரை அந்த அனுமதி அங்கே பயன்படாது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட அந்த இரண்டும்தான் கடிதத்தைக் கெடுத்தன.

மூன்றாம் முறை போய் இதை விளக்கியபோது செயலாளரின் முகம் மாறியது. "அப்போ நம்ம மலரை எவனாவது அச்சடிச்சு வித்தாலும் கேக்க முடியாதா?" என்றார். அந்த ஆறு பத்திகளை விற்றால் கேட்கமுடியாது, பெயரைப் போடாமல் விற்றால் கேட்கலாம் என்றேன். குழுவில் பேசிவிட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் பொருளை அவர் காத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு, ஒத்தாசைப் பக்கத்தில் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன வழிதான் எளியதாக இருந்தது. செய்திகளுக்குப் பதிப்புரிமை இல்லை, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு, ஆகவே மூலநூல்களைப் பார்த்துப் புதிதாக எழுதிவிடுங்கள் என்றார் அவர். முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் காட்பாடிக்கு மூன்று நடை மிச்சமாகியிருக்கும். பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தபோது, அனுமதி கிடைத்திருந்தாலும் அது அங்கே நின்றிருக்காது என்பதும் புரிந்தது. "ஏகாதிபத்தியத்தின் ஆணிவேரை ஆட்டிவைத்த எரிமலை" என்று தொடங்கியிருந்தேன். மலருக்கு அது பொருந்தும், கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாது. எரிமலையை எடுத்துவிட்டு, 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில் சிப்பாய்களுக்கு வந்த, புரட்சிக்குக் காரணமான ஆணைகளையும், நெற்றிக் குறிகளும் தாடியும் கூடாது என்றதையும், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையையும் சான்றோடு எழுதினேன். பத்தி சிறியதாயிற்று, ஆனால் இன்றுவரை யாரும் தொடவில்லை.

சான்று தேடியதிலும் ஒரு நாள் வீணாயிற்று. நூலகம் ஒன்றுக்குப் பேருந்தேறிப் போய்ச் சேர்ந்தேன், அன்று அதற்கு விடுமுறை. 1881இல் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு இணையத்திலேயே கிடைக்கிறது என்பது வீடு திரும்பியபின் தெரிந்தது. உயிரிழப்புக் கணக்கில் மிகவும் கவனமாக இருக்கவேண்டியிருந்தது. பிரிட்டிஷ் 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் 115 பேரும், சிப்பாய்ப் படைகளின் ஆங்கிலேய அதிகாரிகள் 14 பேரும் கொல்லப்பட்டதில் குழப்பமில்லை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபின் இறந்த இந்தியச் சிப்பாய்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. ஒன்றில் 350, இன்னொன்றில் 800. எனக்குப் பிடித்த எண்ணை மட்டும் இட்டபோது கேள்வி எழுந்தது. இரண்டையும் இட்டு, எது எந்த நூலில் உள்ளது என்று காட்டியபின் எழவில்லை.

இவ்வளவு பட்டவன் சிறுநூலை அச்சுக்குக் கொடுக்கும்போதாவது விழித்திருக்கவேண்டாமா? எழுதுவதற்கு மட்டும்தான் விதிகள், எடுப்பதற்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். தமிழ்க் கட்டுரையிலிருந்து எட்டுப் பக்கம், ஆங்கிலக் கட்டுரையிலிருந்து நானே மொழிபெயர்த்தது நான்கு பக்கம், கோட்டையின் படங்கள் இரண்டு. அச்சகத்தில் படங்களைத் தேடுபொறியிலிருந்து இறக்கிக்கொண்டார்கள். யாருடைய படம் என்று நான் கேட்டதற்கு, "கூகுள்ல இருக்கறது சார், யார் வந்து கேக்கப் போறாங்க?" என்று பதில் வந்தது. முன்னுரையின் அடியில் 'நன்றி: இணையம்' என்று போட்டோம். பின்னட்டையில், அச்சகத்தின் பழைய கோப்பிலிருந்து, 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

500 படிகளும் வீட்டுக்கு வந்த பிறகுதான், 20 ரூபாய் விலை வைக்கலாமா என்று ஒத்தாசைப் பக்கத்தில் கேட்டேன். விலை வைப்பதில் தடையே இல்லை என்றார்கள். சிக்கல் மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. இணையம் என்று பொதுவாக நன்றி சொல்வது போதாது. எந்தக் கட்டுரை என்று பெயரும் முகவரியும் தரவேண்டும், அந்த முகவரி வழியாக வரலாற்றுப் பக்கத்துக்குப் போய் எழுதியவர்களின் பட்டியலை எவரும் பார்க்கலாம் என்பதால் அத்தனை பெயர்களையும் அச்சிடத் தேவையில்லை. உரிமத்தின் பெயரைச் சொல்லவேண்டும். சுருக்கினேன், மொழிபெயர்த்தேன் என்பதையும் சொல்லவேண்டும். அப்படி எடுத்து மாற்றிய பகுதிக்கு 'அனைத்து உரிமைகளும்' என்று வேலி போடக்கூடாது, அதே உரிமத்தில்தான் விடவேண்டும். படங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. படத்தைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தில் எடுத்தவர் பெயரும் அதற்குரிய உரிமமும் இருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள சில படங்கள், நூல் அட்டைகளும் திரைப்பட விளம்பரங்களும் போன்றவை, நியாயப் பயன்பாடு (பதிப்புரிமை உள்ளதை அனுமதியின்றிக் குறைந்த அளவில் பயன்படுத்துவது) என்ற அடிப்படையில் அந்தக் கட்டுரைக்காக மட்டும் வைக்கப்பட்டவை, அவற்றைத் தொடவே கூடாது. அப்படி ஒரு நூலட்டையையும் நான் கொடுத்திருந்தேன். தெளிவில்லை என்று அச்சகத்தாரே அதை விட்டுவிட்டது என் நல்ல காலம்.

ஆகவே சீட்டு. அதை எழுதுவதிலும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. தமிழ்த் தலைப்புள்ள கட்டுரையின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால், விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக நான்கு வரிக்கு நீண்டது. அச்சில் பார்த்து அதை எவரும் தட்டச்சு செய்யமுடியாது. பக்கத்தின் கருவிகள் பகுதியிலேயே சுருக்கு முகவரி கிடைக்கிறது, நிரந்தர இணைப்பும் கிடைக்கிறது. நாம் எடுத்த நாளில் கட்டுரை எப்படி இருந்ததோ அப்படியே நிரந்தர இணைப்பு காட்டும் என்பதால், அச்சு நூலுக்கு அதைச் சுருக்கித் தருவதே சிறந்தது. கடைசியில் சீட்டு இப்படி அமைந்தது: "இந்நூலின் 5 முதல் 16 வரையுள்ள பக்கங்கள் விக்கிப்பீடியாவின் தமிழ், ஆங்கிலக் கட்டுரைகளிலிருந்து சுருக்கியும் மொழிபெயர்த்தும் எடுக்கப்பட்டவை, அப்பக்கங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல்-அதேபோல் பகிர்தல் 4.0 உரிமத்தின்கீழ் எவரும் பயன்படுத்தத்தக்கவை." அதன்கீழ் முகவரிகளும், படம் எடுத்த இருவரின் பெயர்களும், படங்களின் உரிமங்களும். சீட்டு 'அனைத்து உரிமைகளும்' என்ற வரியைச் சரியாக மூடும்படி அதன் நீளத்தை என் மகள் அளவுகோல் வைத்து வெட்டினாள்.

ஜூலை 10 அன்று காலை மக்கானில் உள்ள புரட்சி நினைவுத்தூணுக்கு மாலையிட வந்தவர்களுக்கும் சில படிகள் கொடுத்தோம். அடுத்த வாரமே, எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் மகிழ்ச்சி மிகுந்து, விக்கிப்பீடியாக் கட்டுரையில் எங்கள் சிறுநூலையே சான்றாகச் சேர்த்துவிட்டார். அங்கிருந்து எடுத்ததை அங்கேயே சான்றாகக் காட்டமுடியாது என்று சொல்லி அதை நானே நீக்கினேன், சுருக்கப் பெட்டியில் காரணத்தையும் எழுதினேன். என் ஊர் இப்போது கட்டுரையில் ராணிப்பேட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது, தகவற்பெட்டியும் கலையாமல் நிற்கிறது.

சீட்டு ஒட்டுவதற்கு முன்பே 37 படிகள் உறவினர் கையிலும் நண்பர் கையிலும் போய்விட்டன. அவற்றில் ஒன்று உங்களிடம் இருந்தால் பள்ளியில் கேளுங்கள், சீட்டுகள் மீதி இருக்கின்றன. பசை மட்டும் நீங்கள் கொண்டுவரவேண்டும்.