கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் ஸ்மோக் டிடெக்டர், அதாவது புகை வந்தால் அலறுகிற கருவி, மாட்டும் வழக்கம் கிடையாது. கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை மாட்டக் காரணம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர். வீட்டுக்கு முன்னால் போர்டிகோ இல்லை. வாசற்படி இறங்கினால் சாக்கடை, அதைத் தாண்டினால் ரோடு. வண்டியை ஹாலுக்குள் ஏற்றி மாடிப்படிக்குக் கீழே நிறுத்தித்தான் சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. படுக்கையறை இரண்டுக்கும் வாசல் அதே ஹாலில்தான். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் சூடேறிக் கெட ஆரம்பித்தால் தீ தெரிவதற்கு முன்பே நச்சுப் புகை கிளம்பிவிடும். தூங்குகிறவரை வாசனை எழுப்பும் என்று நம்ப முடியாது, சத்தம்தான் எழுப்பும். வீடு தீப்பிடிக்கும்போது நெருப்பு தொடுவதற்கு முன்பே புகையால் மயங்கிப் போகிறவர்கள்தான் அதிகம்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே டிடெக்டர் எல்லாம் ஒரு பேனலோடு இணைந்திருக்கும். எங்கே கோளாறு என்பதைப் பேனலே எழுத்தில் காட்டிவிடும். வீட்டு டிடெக்டருக்கு அந்த வசதி இல்லை. ஒரு சின்ன சிவப்பு விளக்கு, ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். அது சொல்ல வருவதை நாம்தான் காது கொடுத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிற்காமல் அலறினால் புகை, அல்லது புகை என்று அது நினைக்கிற ஏதோ ஒன்று. நிமிடத்துக்கு ஒரு தடவை ‘கிக்’ என்று ஒற்றைச் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பேட்டரி. சில மாடல்களில் ஆயுள் முடிந்தாலும் அதே மாதிரிதான் கூப்பிடும்.

முதலில் வந்தது அந்த ஒற்றைச் சத்தம். மார்கழி மாதம், விடியற்காலை. சில்வண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று என் மனைவி பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மாவோ, “எனக்கு ஒண்ணுமே கேக்கலையே சாமி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலை எட்டு மணிக்கு மேல் சத்தம் தானாக நின்றுவிட்டது. அடுத்த நாள் அதே விடியற்காலையில் மறுபடியும்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. குளிரில் பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினை மந்தமாகும், உள்மின்தடை கூடும், வோல்டேஜ் இறங்கும். தேய்ந்துபோன பேட்டரி பகலில் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டு, இரவின் மிகக் குளிர்ந்த நேரத்தில் டிடெக்டர் எதிர்பார்க்கும் எல்லைக்குக் கீழே போய்விடும். வெயில் ஏறினால் மறுபடி எல்லைக்கு மேலே வந்து கமுக்கமாக இருக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பகலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எட்டரை வோல்ட் காட்டும், நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். மீட்டர் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய கரண்டே இழுப்பதில்லை. பஸ்ஸர் இழுக்கும். சுமை ஏறும்போது அதே பேட்டரி சரிந்துவிடும். மீட்டரை நம்பாமல் புதிதாக ஒரு 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி வாங்கிப் போட்டுவிடுங்கள். விலை குறைவு என்று சாதாரண கார்பன் பேட்டரி போட்டால் சீக்கிரமே திரும்பவும் ஏணி ஏற வேண்டியிருக்கும். பழையதைக் கழற்றியதும் டெஸ்ட் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜை இறக்கிவிட்டுப் புதியதைப் போடுவது நல்லது. பேட்டரி மாட்டுகிற பட்டன் முனைகள் தொளதொளவென்று இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். எங்கள் வீட்டில் பேட்டரி மாற்றியதோடு அந்தச் சத்தம் போய்விட்டது.

அசல் தலைவலி சித்திரை கடைசியில் ஆரம்பித்தது. மாலை ஏழு மணி சுமாருக்கு, எந்தப் புகையும் இல்லாமல், முழு அலறல்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அலறினால் முதல் வேலை டிடெக்டரைப் பார்ப்பது இல்லை, வீட்டைப் பார்ப்பது. நேற்றும் சும்மாதான் கத்தியது என்று இன்றைக்கும் இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வண்டியின் சார்ஜரை ஆஃப் செய்து, பிளக்கையும் பாயின்ட்டையும் தொட்டுப் பார்த்து, அடுப்படி, பூஜை அலமாரி, இன்வெர்ட்டர், அம்மாவின் அறை எல்லாம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூலை எடுத்தேன். புகை நிஜமாகவே தெரிந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101-க்குப் போன் போட வேண்டும், ஆராய்ச்சி எல்லாம் பிறகுதான்.

வாங்கிய கடையில் கேட்டேன். “பேட்டரியைக் கழட்டி வெச்சிடுங்க சார். புகை வந்தா உங்களுக்கே தெரியாதா?” என்றார்கள். இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. முழித்திருக்கும்போது தெரியும்தான். நாம் தூங்கும் நேரத்துக்காகத்தானே அதை மாட்டுகிறோம்? பேட்டரி கழற்றிய டிடெக்டர், டிடெக்டரே இல்லாததைவிட மோசம். கூரையில் அது இருக்கிறது என்ற தைரியத்தில் வீட்டில் உள்ளவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். காய்ந்த மிளகாய் தாளித்தால் கத்தும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கத்தும். அது கோளாறு இல்லை, அது நிஜப் புகை. போகி அன்று தெருவில் எரிப்பது ஜன்னல் வழியாக வந்தாலும் அப்படித்தான். சுடுதண்ணீர் ஆவி, கொசுவுக்கு அடிக்கிற ஸ்பிரே இரண்டும் அதை ஏமாற்றும். ஆனால் அலறிய நாட்களில் இவை எதுவுமே இல்லை. ஒற்றுமையாக இருந்தது ஒன்றே ஒன்று: பகலில் கோடை மழை பெய்திருந்தது, மாலை டியூப்லைட் போட்டிருந்தோம். டிடெக்டரை முதலில் மாட்டிய எலக்ட்ரீஷியன், இருக்கிற ஆணித் துளையிலேயே, டியூப்லைட்டுக்கு ஒரு அடி தள்ளி மாட்டிவிட்டுப் போயிருந்தார். மழை பெய்தால் அந்த லைட்டைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும். போதாததற்கு அது மாங்காய் சீசன். கட்டிலுக்கு அடியில் பெங்களூரா பழுக்க வைத்திருந்தோம். அந்த வாசனைக்கு வருகிற குட்டி ஈக்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

டிடெக்டரைத் திருகிக் கீழே இறக்கி, பக்கவாட்டுத் துளைகளுக்குள் போன் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். வலை மாதிரியான கம்பித் தடுப்பில் செத்த பூச்சிகளின் இறக்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தின்ன வந்த சிலந்தி ஒன்று, கால்களைச் சேர்த்தாலும் கடுகைத் தாண்டாது, உள்ளே குடியேறியிருந்தது. அது விட்ட இழை வெளிச்சம் படும்போது பளபளத்தது, டார்ச்சை ஒரு இழை நகர்த்தினால் மறைந்துவிட்டது.

அந்தப் பளபளப்பில்தான் விடை இருக்கிறது. எங்களுடையது ஒளியை வைத்துப் புகையை உணரும் வகை. இந்த வகை டிடெக்டருக்குள் வெளிச்சம் புகாத ஒரு கறுப்பு அறை உண்டு. அதன் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, இன்னொரு பக்கம் ஒளியை உணரும் சென்சார். இரண்டும் நேருக்கு நேர் பார்க்காதபடி கோணத்தில் வைத்திருப்பார்கள். காற்று சுத்தமாக இருக்கும்வரை எல்இடியின் ஒளி சென்சாரில் படாது. புகை நுழைந்தால் அதன் துகள்களில் ஒளி பட்டுச் சிதறி சென்சாருக்குப் போகும், அலாரம் அடிக்கும். சென்சாருக்குத் தெரிவதெல்லாம் சிதறிய ஒளி மட்டும்தான். சிலந்தி இழையும், தூசியும், ஈயின் இறக்கையும் அதற்குப் புகைதான்.

சுத்தம் செய்ய நான் உபயோகித்தது காய்ந்த, மெல்லிய பெயிண்ட் பிரஷ், அப்புறம் கேமரா லென்ஸ் துடைக்கிறவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயர். பேட்டரியை எடுத்துவிட்டுத் துளைகளைச் சுற்றித் தட்டிவிட்டு, எல்லாப் பக்கமிருந்தும் ஊதினேன். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. ஈரத் துணி வேண்டாம், கண்ணாடி துடைக்கிற திரவம் வேண்டாம். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும். பூச்சியைக் கொல்வதற்காக உள்ளே மருந்து அடிப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல், அந்த அறைக்குள் பிசுக்குப் படலம் ஒட்டிவிடும். மூடியை நெம்பித் திறக்காதீர்கள்.

மேல் வீட்டு அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த பழைய டிடெக்டரைக் காட்டி, “இதையும் சுத்தம் பண்ணிக் குடு தம்பி” என்றார். பின்பக்கம் கதிரியக்கக் குறி இருந்தது. அது ஒளிக்குப் பதிலாகக் கதிரியக்கத்தை வைத்துப் புகையை உணரும் அயனியாக்க வகை. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும், அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 430 ஆண்டுகளுக்கும் மேல். மூடியபடி இருந்தால் பயம் இல்லை. ஆனால் உடைக்கவோ எரிக்கவோ பழைய இரும்புக் கடையில் போடவோ கூடாது. நம் நாட்டில் அந்த வகையை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டுப்படுத்துகிறது. எந்த வகையானாலும் பத்து வருஷம் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. அவருடையதில் அச்சிட்டிருந்த தேதி அதைவிடப் பழையது. திறக்கக் கூடாது, மாட்டவும் கூடாது என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எங்களுடையதைச் சுத்தம் செய்த கையோடு இடத்தையும் மாற்றினேன். டியூப்லைட்டை விட்டு விலகி, மின்விசிறியின் காற்று நேராக அடிக்காத இடத்தில், சுவரும் கூரையும் சேரும் மூலையை ஒட்டாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி. அந்த மூலையில் காற்று தேங்கி நிற்கும், புகை எட்டத் தாமதமாகும். அடுப்படிக்கு மூன்று மீட்டராவது தள்ளி வைத்தேன். தாளிக்கிற அடுப்படிக்கு ஸ்மோக் டிடெக்டர் சரிப்படாது, அங்கே வெப்பத்தை உணர்கிற ஹீட் டிடெக்டர்தான் வேண்டும். எங்கள் கம்பெனி கேன்டீனிலும் அதுதான். துளை போடும்போதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் டிடெக்டருக்கு பிளாஸ்டிக் பை கட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிட வேண்டும்.

பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், வீடே அதிர்ந்தது. மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் என்று அட்டையில் போட்டிருந்தது. சரி, முடிந்தது என்று இறங்கும்போதுதான் சில்வண்டுச் சத்தம் அம்மாவுக்குக் கேட்காதது ஞாபகம் வந்தது. அம்மாவை அறைக்குள் படுக்கச் சொல்லி, கதவைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்துவிட்டு, “சத்தம் கேட்டா வெளிய வாங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பட்டனை நன்றாக அழுத்திப் பிடித்தேன். மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. போய்ப் பார்த்தால் அம்மா கட்டிலில் விழித்தபடியே படுத்திருந்தார். “இன்னும் அமுக்கலையா சாமி?” என்றார்.

வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள்தான். இந்த அலாரங்கள் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிப்பவை. காது மந்தமானவர்களுக்காக 520 ஹெர்ட்ஸில் அடிக்கிற தாழ்ந்த குரல் அலாரமும், தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்கிற பட்டையும் இருக்கின்றன. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் ஜோடி டிடெக்டர் வாங்கி, ஒன்றை ஹாலிலும் இன்னொன்றை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலும் மாட்டினேன். ஹாலில் இருப்பது புகையைக் கண்டால் அம்மா அறையில் இருப்பதும் சேர்ந்து அலறும். அதே மாதிரி கதவைச் சாத்தி மறுபடி சோதித்தோம். இந்தத் தடவை அம்மாவே எழுந்து வந்து கதவைத் திறந்தார். இருந்தாலும் அசந்து தூங்கும்போது அது போதுமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. அதனால் வண்டிக்கு ராத்திரி சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டு, வேலையிலிருந்து வந்ததும் போட்டு, படுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம்.