வாஷரா, ஓட்டைக் காலணாவா: பவுண்டரி மண்ணில் நாலு ஞாயிறு

பெங்களூர் மாகடி ரோடு பக்கம் என் சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த வார்ப்படப் பட்டறை மூடிக் கிடக்கிறது. கூரை ஷீட்டைக்கூடக் கழற்றி விற்றாயிற்று. மழை முடிந்ததும் அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். அதற்குள் ஒரு தடவை மெட்டல் டிடெக்டரைப் போட்டுப் பார்த்துவிட ஆசை. முதலாளியின் மகனிடம் கேட்டேன். "தங்கம் கிடைச்சா பாதி எனக்கு" என்று சிரித்தபடி சாவியைக் கொடுத்தார். வெள்ளைத்தாளில் அனுமதியும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பொழுதுபோக்கில் காகிதம் முக்கியம். புதையலுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. மண்ணில் புதைந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் அரசு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் சட்டம்தான். எதை எடுத்தாலும் இடம், தேதி, படம் மூன்றையும் குறித்து வைப்பேன். திப்பு அரண்மனை, பழைய கோட்டை மாதிரி தொல்லியல் துறை இடங்களின் பக்கம் கருவியோடு போகவே மாட்டேன்.

முதல் ஞாயிறு சுத்த வீண். கருவியின் சென்சிடிவிட்டியை, அதாவது மெல்லிய சைகையையும் பிடிக்கும் திறனை, முழுசாக ஏற்றி வைத்தேன். தரையைத் தேடும் வட்டத் தலையான காயிலைக் கீழே இறக்கியதும் ஹெட்போனில் தெருநாய்ச் சண்டை மாதிரி சத்தம். எங்கே வைத்தாலும் குரைத்தது. நாலு இடத்தில் தோண்டினேன். மூன்றில் இரும்புச் சிட்டம், ஒன்றில் ஒன்றுமே இல்லை.

அந்த "ஒன்றுமே இல்லை"தான் என்னை யோசிக்க வைத்தது. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை பாலிதீன் பையில் போட்டு மண்ணின் மேல் இழுத்தேன். உலை நின்ற இடத்தில் பை முழுக்கக் கறுப்புத் தாடி முளைத்தது. காம்பவுண்டு ஓரத்தில் லேசான தூசிதான். பெங்களூர்ச் செம்மண்ணின் நிறமே அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கொடுத்தது. அந்த மண் உலைச் சூட்டில் வெந்தால், அதே ஆக்சைடில் ஒரு பங்கு காந்தம் பிடிக்கும் வகையாக மாறிவிடும். உருகிய இரும்பு சிந்திய குண்டுமணிகளும் அதில் கலந்திருக்கும். ஆக, நான் தோண்டியது மண்ணின் சத்தத்தை.

இரண்டாவது ஞாயிறு எல்லாவற்றையும் மாற்றினேன். பெரிய காயிலைக் கழற்றி ஆறு அங்குலக் காயிலை மாட்டினேன். சின்னக் காயில் ஒரே நேரத்தில் கொஞ்சம் மண்ணைத்தான் பார்க்கும். அதனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வாய்ப்பு அதிகம். சென்சிடிவிட்டியைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடும் கிரவுண்ட் பேலன்ஸைத் தொடக்கத்தில் ஒரு தடவை செய்து விட்டுவிட்டால் இங்கே உதவாது. பத்தடிக்கு ஒரு தடவை, சத்தமில்லாத துண்டு இடம் தேடி, காயிலை மேலும் கீழுமாக ஆட்டித் திரும்பச் செய்தேன். உலைப் பக்கமும் சுவரோரமும் காட்டிய எண்கள் வேறு வேறு. சோதனைக்கு ஒரு ரூபாய்க் காசைப் புதைத்துப் பார்த்தேன். நாலு விரல் ஆழத்துக்குக் கீழே போனால் காணாமல் போயிற்று. பரவாயில்லை, இந்த மண்ணில் ஆழத்துக்கு ஆசைப்பட்டால் கதை கந்தல்.

அப்புறம் வந்தது வாஷர் தொல்லை. ஆணி "கர்ர்" என்று கீழ்க்குரலில் சொல்லிவிடும், விட்டுவிடலாம். தட்டையான, வட்டமான இரும்பு அப்படியில்லை. வளையத்தில் கருவி தூண்டும் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடுவதால் வெள்ளிக்காசு மாதிரி மேல்குரலில் பாடும். அன்றைக்கு மட்டும் 23 வாஷர் எடுத்தேன். எண்ணி வைத்திருக்கிறேன், வயிற்றெரிச்சல் அப்படி.

நான் கண்ட வழி இதுதான்: நல்ல சத்தம் வந்ததும் தோண்டாமல், தொண்ணூறு டிகிரி சுற்றி வந்து மறுபடி வீச வேண்டும். பிறகு காயிலின் முனை மட்டும் மேலே படும்படி மெதுவாகப் பின்வாங்க வேண்டும். செம்பும் வெண்கலமும் அநேகமாக ஒரே குரலில் தேய்ந்து மறையும். இரும்பு வாஷர் ஓரத்தில் கரகரவென்று தன் சுயரூபத்தைக் காட்டும். இரும்பின் சத்தத்தை அடக்கும் டிஸ்கிரிமினேஷனை முழுக்கப் போட்டுவிட்டால் இந்தக் கரகரப்பே கேட்காது. அதனால் அதை அணைத்துவிட்டுத்தான் தேடுகிறேன், காது வலித்தாலும்.

மூன்றாம் ஞாயிறு மழை. பழைய பத்து பைசா ஒன்று, வளைந்த நெளிவுக்காசு. அவ்வளவுதான்.

நாலாவது ஞாயிறு சித்தப்பாவும் வந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இங்கதாண்டா குப்போலா, அங்க மோல்டிங்" என்று கைகாட்டிக்கொண்டே இருந்தார். குப்போலா என்றால் இரும்பு உருக்கும் உலை, மோல்டிங் என்றால் மண்ணச்சு செய்யும் இடம். மோல்டிங் பக்கம் ஒரு குழப்பமான சத்தம். ஒரு வீச்சில் மேல்குரல், திருப்பி வீசினால் கர்ர். என் விதிப்படி அது வாஷர், விட்டுவிட வேண்டியது. சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று தோண்டினேன்.

துருப்பிடித்துப் புடைத்த ஒரு போல்ட். தலைக்கடியில் பச்சை பூத்த ஒரு வளையம். துடைத்ததும் கிரீடமும் 1944-உம் தெரிந்தன. ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு. ஆக, நான் கேட்ட இரண்டு குரலும் நிஜம்தான்.

சித்தப்பா வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நான் சேர்ந்தப்ப நயா பைசா வந்துடுச்சு. மேஸ்திரி இதை ஒரு டப்பா நிறைய வச்சிருப்பாரு. வாஷர் தீர்ந்து போச்சுன்னா இதைத்தான் மாட்டுவோம்."

போல்டிலிருந்து காசைக் கழற்றவா என்று கேட்டேன்.

"டேய், கழட்டாத. நல்லா டைட் பண்ணியிருக்கு."