வெப், மொபைல் இரண்டுக்கும் ஒரே கோட்: எதை எடுத்தேன், ஏன்?

குறிப்பெடுக்கும் ஆப் ஒன்றை வெப், ஆண்ட்ராய்டு, ஐபோன் மூன்றிலும் கொண்டுவர வேண்டும், கோட் எழுத நான் ஒருவன்தான். அதனால் மூன்று தனித்தனி கோட்பேஸ் என்ற யோசனையை முதல் நாளே விட்டுவிட்டேன்.

முதலில் ஃப்ளட்டர், ஒரே கோட்டில் பல தளங்களுக்கு ஆப் செய்ய உதவும் கூகுளின் கருவி. 2018 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது, வெப் ஆதரவு 2021-இல்தான் ஸ்டேபிள் ஆனது. மொபைலில் அதன் வேகம் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தையும் பட்டனையும் அது தானே கேன்வாஸில் (ஒரு வெற்றுப் பரப்பில்) படம்போல வரைகிறது, வழக்கமான எச்டிஎம்எல் பக்கமாகத் தருவதில்லை, அதனால் வெப்பில் முதல் லோடு கனமாகிறது, தேடுபொறிகளுக்கும் பக்கத்தைப் படிப்பது சிரமம். என் ஆப்புக்கு ஆட்கள் வர வேண்டியதே தேடலில் இருந்துதான், பொதுவில் பகிரும் குறிப்புகள்தான் அதன் உயிர். லாகின் செய்த பிறகு மட்டும் பயன்படும் ஆப் என்றால் யோசிக்காமல் ஃப்ளட்டரையே எடுத்திருப்பேன்.

கபாசிட்டர் என்ற கருவியையும் பார்த்தேன். இருக்கும் வெப்சைட்டை வெப்வியூவுக்குள், அதாவது ஆப்புக்குள்ளேயே இருக்கும் பிரவுசர் பகுதிக்குள் வைத்து ஆப்பாக்கிவிடும், வெப் ஏற்கெனவே தயாராக இருப்பவர்களுக்கு அருமையான வழி.

கடைசியில் எடுத்தது ரியாக்ட் நேட்டிவ் (ஜாவாஸ்கிரிப்டில் மொபைல் ஆப் எழுதும் கருவி), கூடவே அந்த வேலையை எளிதாக்கும் எக்ஸ்போ. போனில் அதன் சொந்த (நேட்டிவ்) திரைப் பாகங்களையே பயன்படுத்துகிறது, ரியாக்ட் நேட்டிவ் வெப் என்ற துணைக் கருவி மூலம் அதே கோட் பிரவுசரில் எச்டிஎம்எல் ஆகிறது. சரி, எல்லாமே ஒரே கோட்டில் முடிந்ததா? இல்லை. அகலத் திரை லேஅவுட், கீபோர்டு ஷார்ட்கட், பிரவுசரின் பேக் பட்டன் எல்லாவற்றையும் வெப்புக்கென்று தனியாக எழுத வேண்டியிருந்தது.

நீங்களும் தேர்வு செய்யும் நிலையில் இருந்தால், லாகின் பக்கத்தைச் செய்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், உங்கள் ஆப்பில் ஆகக் கஷ்டமான திரையை முதலில் கட்டிப் பாருங்கள், அப்புறம் அதை ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓட்டுங்கள்.