ஸ்கேன் மிஷின் வந்தால் மட்டும் வாக்குறுதி நிறைவேறியதாகாது

"அரூர் பக்கத்துப் பெண்கள் இனிமேல் கருக்கலைப்புக்கோ குடும்பக் கட்டுப்பாட்டுக்கோ தருமபுரிக்கு அலைய வேண்டாம்" என்று ஒரு எம்.எல்.ஏ. வேட்பாளர் பேசுகிறார் என வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறைவேற்றினாரா என்று பின்னால் சரிபார்க்க, சொன்ன வாக்கியம், தேதி, இடம் மூன்றையும் அன்றைக்கே குறித்து, வீடியோவையும் இறக்கி வையுங்கள். தேர்தல் முடிந்ததும் பல பதிவுகள் காணாமல் போகும்.

அடுத்து, அது அவரால் முடிகிற காரியமா என்று பாருங்கள். கருக்கலைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எம்.எல்.ஏ.வால் இதில் ஒரு வரிகூட மாற்ற முடியாது. டாக்டர் பணியிடம், கருவி, கட்டடம் ஆகியவற்றுக்குச் சட்டமன்றத்தில் பேசி அரசாணை வாங்கித்தர முடியும். ஆகவே எப்போதும் அரசாணை எண்ணைக் கேளுங்கள். திறப்புவிழா போட்டோவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வேலை பெரும்பாலும் நின்றுபோவது ஆள் விஷயத்தில்தான். பணியிடம் இருக்கும், டாக்டரும் இருப்பார், ஆனால் டெபுடேஷனில் வேறு ஊரில் வேலை பார்ப்பார். அதனால் தகவல் உரிமை மனுவில் "டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்பது வீண். அனுமதிக்கப்பட்ட மகப்பேறு, மயக்கவியல் (மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்) பணியிடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை, மாற்றுப்பணியில் போனவர்கள் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து என்று தனித்தனியாகக் கேளுங்கள். கருக்கலைப்பு எண்ணிக்கையை மருத்துவமனை மாதந்தோறும் படிவம் 2-இல் அனுப்ப வேண்டும். அந்த மொத்த எண்ணை மட்டும் கேளுங்கள். பெயர், ஊர் எதுவும் கேட்கவே கூடாது. அந்தப் பெண்ணின் ரகசியத்தைச் சட்டமே காக்கிறது, நாமும் காக்க வேண்டும்.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். மனுவை அனுப்பும் இடம் மருத்துவமனையைப் பொறுத்தது. அரூர், பாலக்கோடு மாதிரி அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர். தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கு டீன் அலுவலகம். மூன்றும் வேறு வேறு துறை இயக்குநரகங்கள். தவறான இடத்துக்குப் போனாலும் 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஸ்கேன் அறைக்குள் போனால் சுவரைப் பாருங்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் பதிவுச் சான்றிதழ் அங்கே மாட்டியிருக்க வேண்டும்; அது 5 ஆண்டுதான் செல்லும். பதிவு இல்லாத மிஷினை இயக்கக் கூடாது. தருமபுரி பெண்சிசுக் கொலைக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் இந்தக் கண்டிப்பு இங்கே அவசியம். ஆனால் அந்தக் கண்டிப்பைக் காரணம் காட்டிச் சட்டப்படியான கருக்கலைப்பை மறுப்பது அநியாயம். இரண்டு சட்டமும் வேறு.

எண்ணிக்கையில் தெரியாத தடை ஒன்று உண்டு: கணவர் கையெழுத்து. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கையெழுத்து கேட்டு யாரையாவது திருப்பி அனுப்பியிருந்தால், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல், தேதியையும் மருத்துவமனையையும் மட்டும் எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகலை எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் கொடுத்து, வாங்கியதற்குத் தேதியோடு முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள்.