கம்பியின் மேல் போட்ட பழி

சத்தம் வரவில்லை என்று எங்கள் கடைக்குத் திருத்தக் கொண்டுவரும் மாதிரி ரயில் எஞ்சின்களில், ஓட்டத்தையும் ஒலியையும் நடத்தும் டிகோடர் என்ற சின்ன மின்பலகை உண்மையாகவே செத்துப்போயிருப்பது குறைவு. சில்லில் அழுக்கு ஏறியிருக்கும். ஸ்பீக்கர் கம்பி சொல்டரிலிருந்து விட்டிருக்கும். ஸ்பீக்கரின் முதுகுப்பக்கம் சரியாக அடைபடாமல், முன்னால் வரும் சத்தத்தைப் பின்னால் வரும் சத்தமே தின்றுகொண்டிருக்கும். யாரோ கட்டுப்பாட்டுக் கருவியில் எஃப்8 பொத்தானை அழுத்தி ஊமையாக்கிவிட்டு மறந்திருப்பார்கள். எதுவும் பிடிபடவில்லையா, பல டிகோடர்களில் சிவி8 என்ற அமைப்பு எண்ணில் 8 என்று எழுதினால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். எஞ்சினைக் கூப்பிடும் முகவரி எண்ணும் 3க்குப் போய்விடும், அதை வாடிக்கையாளரிடம் சொல்ல மறந்தால் அடுத்த நாள் தொலைபேசி அடிக்கும்.

இந்த வரிசையில் இல்லாத பழுது ஒன்று வந்தது. அதற்கு நான் சொன்ன பதில் சரியா என்று இன்னும் எனக்குள் வழக்கு நடக்கிறது.

எஞ்சின், எச்ஓ (1:87) அளவில் ஒரு ரோயல் ஹட்சன் நீராவி எஞ்சின். 1939இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் கனடாவுக்கு வந்தபோது அவருடைய ரயிலை இழுத்த வகை. அதனாலேயே பக்கத்தில் சின்னக் கிரீடம் வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற எஞ்சின். கொண்டுவந்தவர் சின்ன வயதில் ஒன்ராறியோவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். கனேடியன் பசிபிக் 1960இல் நீராவியை முழுதாகக் கைவிடுமுன் இந்த எஞ்சின்களை நேரில் கேட்டவர். பிறகு டீசல் யார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறார். ரொறன்ரோவில் எங்கள் கடைக்கு வருபவர்களில் பலர் எஞ்சினைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டவர்கள். இவர் அப்படியில்லை. விசில் நீளம் தப்பென்றால் முகம் சுளிப்பார்.

இரண்டு முறைப்பாடு. முன்விளக்கு சிமிட்டுகிறது. மணியும் நீராவிச் சீறலும் போய்விட்டன, 'தட், தட்' மட்டும்தான் மிச்சம்.

விளக்குப் பழுது உடனே பிடிபட்டது. இந்த வகையில் டிகோடரும் ஸ்பீக்கரும் பின்னால் வரும் எரிபொருள், தண்ணீர்ப் பெட்டியான டெண்டருக்குள் இருக்கும், விளக்கு எஞ்சினின் மூக்கில். நடுவே மெல்லிய கம்பிக் கட்டு ஒன்று. ஒவ்வொரு வளைவிலும் அது மடிந்து நிமிரும். நீலம் பொது நேர்முனை, வெள்ளை முன்விளக்கு. வெள்ளைக் கம்பியின் உறை நன்றாகத்தான் இருந்தது. விரலால் மெதுவாக வளைத்துப் பார்த்தபோது ஓரிடத்தில் மட்டும் நூல்போலத் துவண்டது. உள்ளே ஒரேயொரு இழைதான் மிச்சம். எஞ்சின் இடப்பக்கம் திரும்பினால் தொடும், வலப்பக்கம் திரும்பினால் விடும். எல்ஈடிக்கும் அதன் 1000 ஓம் மின்தடைக்கும் ஒன்றுமில்லை. கம்பியை மாற்றினேன், சிமிட்டல் நின்றது.

சத்தத்தில்தான் சிக்கல். 8 ஓம் ஸ்பீக்கர், மீட்டர் 7 சொச்சம் காட்டியது, அப்படித்தான் காட்ட வேண்டும். வேறு நல்ல ஸ்பீக்கரை மாட்டிப் பார்த்தேன், வித்தியாசமில்லை. டெண்டரின் அடைப்பு இறுக்கமாக இருந்தது. எல்லா ஒலிகளும் டிகோடரில் இருந்தன. என் காதுக்கு மணி கணீரென்று கேட்டது. ஒருவேளை அவர் சொல்வது எனக்குத்தான் விளங்கவில்லையோ என்று நினைத்து, அவரையே பின்மேசைக்கு வரச்சொன்னேன்.

எஞ்சினை உருளைகளின் மேல் நிறுத்தி ஓடவிட்டேன். எஃப்1ஐ அழுத்தினேன். மணி அடிக்கத் தொடங்கியது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, ஸ்பீக்கர் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, இப்போது மணியை அழுத்துங்கள்" என்றார்.

மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

நான் எஃப்1ஐ மறுபடி அழுத்தி அதை நிறுத்தினேன். "பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நாள் விடுங்கள்" என்றேன். அந்த நிமிடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். "ஐயா, அது இப்போது அடிக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். நான்கு சொல். கடைக்குள் அவர் வயதுக்காரர்கள் வேறு இருவர் நின்றார்கள். அவர்கள் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா? தெரியாது.

கேட்டல் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். வயது ஏறும்போது முதலில் போவது மேல் அதிர்வெண்கள். இரைச்சலில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு பள்ளமே விழும். நிஜ நீராவி எஞ்சின் என்றால் பரவாயில்லை, அதன் அடி நெஞ்சில் விழும். 28 மில்லிமீட்டர் ஸ்பீக்கருக்கு நெஞ்சில் அடிக்கிற வலு கிடையாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடமிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. அது நன்றாகத் தருவதெல்லாம் மணியின் மினுக்கம், சிலிண்டரின் சீறல். அவருடைய காது கைவிட்டதும் அவற்றைத்தான். எங்கள் தொழிலில் 'இயற்கையாக இருக்கிறது' என்று பாராட்டப்படும் ஒலி முழுவதும், அதை நேரில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இன்று எட்டாத இடத்தில் இருக்கிறது.

இரண்டு நாளில் நான் செய்தது இதுதான். டெண்டருக்குள் கொள்ளக்கூடிய பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியோடு வைத்தேன். இந்த டிகோடரில் ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் உண்டு. மேல்பக்கத்தை இறக்கி, நடுப்பகுதியை நன்றாகத் தூக்கினேன். மணியின் அளவைக் கூட்டினேன், சீறலை அப்படியே விட்டேன். வேலை முடிந்து ஓடவிட்டபோது கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன இது, தகர டப்பா மாதிரி?" என்றார். அவர் சொன்னது சரி. நல்ல காதுள்ள எவரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நல்ல எஞ்சினை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தேன்.

பெரியவர் வந்தார். எஃப்1ஐ அவரே அழுத்தினார். அவருடைய முகம் மாறியதை நான் வர்ணிக்கப் போவதில்லை. விசிலையும் அடித்துப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த பழைய வெள்ளைக் கம்பித் துண்டைக் கையில் எடுத்தார்.

"அப்போ, இந்தக் கம்பிதான் காரணமா?"

"ஓம்" என்றேன்.

இதுதான் விஷயம். கம்பி அறுந்திருந்தது உண்மை. மாற்றியதும் உண்மை. விளக்குக் கம்பிக்கும் மணிச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பதும் உண்மை. யார்டில் அத்தனை வருடம் வேலை செய்தவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்டாரோ, கம்பியின் மேல் பழியைப் போட எனக்கு வழி காட்டினாரோ என்றுகூடச் சில வேளை தோன்றும். அப்படி நினைத்தால் எனக்கு வசதி. அதனாலேயே அதை நம்பத் தயக்கம்.

கம்பி மாற்றிய கூலியை மட்டும்தான் எழுதினேன். ஸ்பீக்கருக்கோ ஒலி வேலைக்கோ காசு வாங்கவில்லை. அதை நேர்மை என்று அன்றைக்கு நினைத்தேன். காசு வாங்கியிருந்தால் ரசீதில் என்ன செய்தேன் என்று எழுத வேண்டி வந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ்காரன், காது டாக்டர் இல்லை என்று ஒரு வாதம். கேட்டது என்ன, மணி கேட்க வேண்டும் என்பது, கேட்கிறது. விளக்குக்கு வெள்ளை எல்ஈடி கண் கூசுகிறது என்பவருக்கு மஞ்சள் எல்ஈடி போட்டுக் கொடுக்கிறோமே, கண்ணைப் பரிசோதி என்றா சொல்கிறோம்? என் மாமாவுக்குக் காது மந்தமானபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்னோம், சத்தமாகவே சொன்னோம். அவர் காதுக் கருவி எடுத்தார். ஆனால் அதற்கு முன்னேயே சபை சந்திக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தார். கருவி வந்த பிறகும் பழையபடி கலகலப்பாகக் கதைக்கவில்லை.

எதிர்வாதமும் அதே மாமாவிடமிருந்துதான் வருகிறது. கருவி போட்ட முதல் கிழமையில், "குளிர்சாதனப் பெட்டி இவ்வளவு சத்தமா போடும்?" என்று கேட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றார். ஒன்ராறியோவில் ஒரு காதுக் கருவிக்கு விலையின் 75 விழுக்காடு, உச்சமாக 500 டொலர்வரை மாகாணம் தருகிறது. அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான். பெரியவருக்கு அதை ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். என்னுடைய ஈக்வலைசர் அவருக்கு ஒரேயொரு எஞ்சினைத் திருப்பிக் கொடுத்தது. பேரப்பிள்ளை மெல்லிய குரலில் சொல்வதை அது கொடுக்காது. அவருடைய குழுவில் யாராவது, "உன் எஞ்சின் ஏன் இப்படி அலறுகிறது?" என்று கேட்டால், நான் தவிர்த்த பேச்சு எல்லோர் முன்னாலும் நடக்கும். ஒருவேளை நடந்தும் இருக்கலாம்.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் இப்போது மேசையில் இருக்கிறது. போன கிழமை அதே பெரியவர் இன்னொரு எஞ்சினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். டீசல். "இதிலும் அதே பழுதுதான், மணி கேட்கவில்லை. கம்பியைப் பாருங்கள்" என்றார். திறந்து பார்த்தேன். டெண்டர் இல்லாத எஞ்சின். வளையும் கம்பிக் கட்டும் கிடையாது. எல்லாம் ஒரே பலகையில், எல்லாம் நன்றாக இருக்கிறது. விளக்குகூடச் சிமிட்டவில்லை.

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.