ஐந்தாம் அத்தியாயம்: 2015 நாட்குறிப்பிலிருந்து

செப்டம்பர் 27, ஞாயிறு

ஐந்தாவது இன்னும் வரவில்லை. ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்ற கணினி விளையாட்டின் அத்தியாயங்கள் ஜனவரி 30, மார்ச் 24, மே 19, ஜூலை 28 என்று வெளிவந்த வரிசையைத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு இடைவெளியும் அதற்கு முந்தையதைவிடச் சற்றே நீண்டிருக்கிறது. நான்காவதன் முடிவில் காயலான் கடை மண்ணில் க்ளோயி சுடப்பட்டுக் கிடக்கிறாள், அவள் தோழியும் நாம் இயக்கும் மாணவியுமான மேக்ஸ் கழுத்தில் ஊசி ஏறி மயங்கிக் கிடக்கிறாள், புகைப்பட ஆசிரியர் ஜெஃபர்சன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒருவரை இவ்வளவு நாள் காக்க வைப்பது நியாயமே இல்லை.

கால் இன்று பரவாயில்லை.

அக்டோபர் 2, வெள்ளி

பொழுது போகாமல் இரண்டாம் அத்தியாயத்தை மறுபடியும் விளையாடினேன். மேக்ஸின் வகுப்புத் தோழி கேட் மார்ஷ் விடுதிக் கூரையின் விளிம்பில் நிற்கும் காட்சிக்காகத்தான் அதைத் தொடங்கினேன் என்பதை எனக்கே மறைக்க வேண்டியதில்லை. அதுவரை எந்தத் தவறையும் நேரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிச் சரிசெய்து பழகிய நமக்கு, அந்தக் கூரையில் மட்டும் அந்த ஆற்றல் கிடையாது. மேக்ஸ் சோர்ந்துவிடுகிறாள், மூக்கில் இரத்தம் வடிகிறது, இனிப் பேச்சு ஒன்றுதான் வழி. அந்தப் பேச்சுக்கு வேண்டியவை எல்லாம் முன்பே கேட்டின் அறையில் கிடந்தன. குடும்பத்தின் புகைப்படம், அவளுக்குப் பிடித்த வேதாகம வசனம், வீட்டில் அவளுக்கு ஆதரவாக இருப்பவர் யார், கடுமையாகப் பேசுபவர் யார் என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்தவனுக்கு மட்டுமே தெரியும். நான் பார்த்திருந்தேன். கேட் கையை நீட்டினாள்.

அக்கா அந்த அறையில் எதையும் தொடாமல் நேராக வெளியேறியிருக்கிறாள். அவளுடைய ஆட்டத்தில் கேட் குதித்துவிட்டாள். மார்ச் மாத இறுதியில் அவள் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, வெகுநேரம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு வைத்தாள்.

அக்டோபர் 5, திங்கள்

அக்கா அழைத்தாள்; கதையில் காணாமல்போன பெண் ரேச்சல் ஆம்பரைப் பற்றியே பேசினோம், காலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

கதையின்படி ஆர்கேடியா பே என்ற ஊரைப் புயல் தாக்குவது 2013 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன, ஒரேகான் கடற்கரையில் அந்த ஊர் கிடையவே கிடையாது, இருந்தும் காலையிலிருந்து அந்தத் தேதி மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

விடை கிடைக்க வேண்டியவற்றை எண்ணிப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தின் முடிவில் இதமான மாலையில் பனி பொழிந்தது. இரண்டாவதில் எவரும் எதிர்பாராத சூரிய கிரகணம். பிறகு கரையொதுங்கிய திமிங்கிலங்கள். நான்காவதில் வானத்தில் இரண்டு நிலவுகள். இவற்றையெல்லாம் இவ்வளவு நிதானமாக அடுக்கியவர்கள் காரணம் ஏதும் வைத்திருக்காமல் அடுக்கியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இதைத் தயாரிக்கும், பாரிஸில் இருக்கும் டோன்ட்நாட் குழுவினர் பெரிய பணம் இல்லாமல், உதடும் சொல்லும் சேராத முகங்களை வைத்துக்கொண்டு, இவ்வளவு தூரம் அழைத்து வந்திருக்கிறார்கள். கடைசி ஒன்றையும் சரியாகச் செய்துவிடுவார்கள்.

அக்டோபர் 19, திங்கள்

ஐந்தாம் அத்தியாயம் நாளை இரவு. எட்டு மணி மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் அதைத் தள்ளிப்போடப் போகிறேன்.

அக்டோபர் 21, புதன்

முடித்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுதுவதால் ஒழுங்காக வராது.

தொடக்கம் இருட்டறையில். மேக்ஸ் நாற்காலியில் கட்டப்பட்டிருக்க, ஜெஃபர்சன் பேசுகிறார், படம் எடுக்கிறார், மறுபடியும் பேசுகிறார். நான்கு அத்தியாயங்களாக வகுப்பில் கண்ணியமான ஆசிரியராக இருந்தவருக்குள் இப்படி ஒருவர் இருந்தார் என்பதை அவருடைய மௌனத்திலேயே உணர்த்தியிருக்கலாம். இவரோ தன் திட்டத்தையும் தன் ரசனையையும் தானே விளக்கி விளக்கி, பயமுறுத்த வேண்டிய இடத்தில் சலிப்பூட்டுகிறார். பிறகு மேக்ஸ் புகைப்படங்கள் வழியே காலத்தில் தாவுகிறாள். சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக் கூடத்தில் அவளுடைய படம் சுவரில் தொங்க, எல்லாரும் பாராட்ட, ஊரில் புயல் வந்துவிட்டது என்று தொலைபேசியில் தெரியவரும் காட்சி நன்றாக இருந்தது. அங்கே இன்னும் கொஞ்சம் இருக்க விட்டிருக்கலாம். அடுத்த தாவலுக்கு அவசரம்.

க்ளோயியின் மாற்றாந்தந்தை டேவிட் வந்து காப்பாற்றும் சண்டை, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பச் சுழற்றி எதைத் தள்ளிவிடுவது, எப்போது கத்துவது என்று கண்டுபிடிக்கும் வேலை. அதன் பின் காரில் கேட்கும், சக மாணவன் நேதனின் குரல்பதிவு மட்டும் என்னை உலுக்கியது. இத்தனை நாள் நாம் வெறுத்த பையன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டு, அடுத்து உன்னைத்தான் தேடி வருவார் என்று எச்சரிக்கிறான். அதைக் கேட்கும்போது அவன் உயிரோடு இல்லை. எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியிராத அந்தச் சில நொடிகள்தான் இந்த அத்தியாயத்தின் மிகச் சிறந்த பகுதி.

புயல் வீசும் தெருவில் சக மாணவி அலிசாவை மறுபடியும் காப்பாற்றினேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதோ ஒன்றிலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறேன். உணவகத்தில் மேக்ஸின் நண்பன் வாரன் சொல்கிறான்: நீ முதன்முதலில் நேரத்தைத் திருப்பியதால்தான் இதெல்லாம் நடக்கிறதோ என்னவோ. பனி, கிரகணம், திமிங்கிலம், நிலவுகள் எல்லாவற்றுக்கும் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான், அதுவும் ஊகமாக.

கலங்கரை விளக்கம். இரண்டு பொத்தான்கள். ஒன்றில் மேக்ஸ் கதை தொடங்கிய திங்கட்கிழமைக்கே திரும்பி, அன்று தான் காப்பாற்றிய க்ளோயியைச் சாக விடுகிறாள், மற்றொன்றில் ஊர் அழிகிறது. நான் ஊரைக் காப்பாற்றினேன்.

அக்டோபர் 22, வியாழன்

கோபம் இன்றுதான் சரியாக வந்திருக்கிறது.

அந்தக் கனவுப் பகுதியை எதற்காக வைத்தார்கள்? பின்னோக்கி நடக்கும் விடுதி நடைவழியும், பனி உருண்டைக் கண்ணாடிக்குள் நின்று க்ளோயியின் பழைய வீட்டைப் பார்ப்பதும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அதன் நடுவே, கைவிளக்கு ஏந்திய தெரிந்த முகங்களின் கண்ணில் படாமல் ஒரு சிக்கல்பாதையில் பதுங்கிப் பதுங்கிப் போக வைக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் காயலான் கடையில் ஐந்து காலிப் புட்டிகளைத் தேட வைத்தபோதே எல்லாரும் முணுமுணுத்தார்கள். அது பழிக்கு வந்தது போல இங்கே திரும்பியிருக்கிறது. மேக்ஸின் குற்றவுணர்ச்சியை அவளுக்குத் தெரிந்த ஆண்களின் வாய்ச்சொல்லாகக் காட்டுவது நல்ல எண்ணம்தான் என்றாலும், மாட்டிக்கொண்டு நான்காம் முறை அதே வசனத்தைக் கேட்கும்போது குற்றவுணர்ச்சி போய்விடுகிறது, சுவர் எங்கே திரும்புகிறது என்ற கணக்கு மட்டும் மிஞ்சுகிறது.

மருந்து மாற்றியிருக்கிறார்கள். கசப்பு.

அக்டோபர் 25, ஞாயிறு

அக்கா தன் ஆட்டத்தில் ஊரை அழிய விட்டுவிட்டாள். “யோசிக்கவே இல்லடா, ஊரு போனா போகட்டும்னு அழுத்திட்டேன்” என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டபோது, அவள் குரலில் ஏமாற்றத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது. நேற்று அதையும் விளையாடிப் பார்த்தேன். மேக்ஸ் புகைப்படத்தைக் கிழிக்கிறாள்; இருவரும் பாறை மேல் நின்று ஊர் அழிவதைப் பார்க்கிறார்கள்; காலையில் இடிபாடுகளின் நடுவே பழைய லாரியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்; முடிந்துவிட்டது. க்ளோயியின் அம்மா ஜாய்ஸ் இருக்கிறாளா, வாரன் இருக்கிறானா, கேட் படுத்திருந்த மருத்துவமனை நிற்கிறதா, எதற்கும் பதில் கிடையாது. இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. நான் தேர்ந்தெடுத்த பக்கத்திலோ நீண்ட விடைபெறுதல், முத்தம், க்ளோயி சுடப்படும் திங்கட்கிழமைக் கழிவறை, கைதுகள், இறுதி ஊர்வலம், சவப்பெட்டி மேல் வந்து அமரும் நீல வண்ணத்துப்பூச்சி என்று ஒவ்வொன்றும் நேரம் எடுத்துக்கொண்டு செய்யப்பட்டிருக்கிறது.

என் தீராத குறை இதுதான். முடிவு சோகமாக இருப்பதிலோ, இரண்டே வழிகள் இருப்பதிலோ எனக்குப் பிணக்கு இல்லை. உலகெங்கும் விளையாடியவர்கள் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாகப் பிரிந்திருப்பதைக் கடைசித் திரை காட்டுகிறது; அந்த அளவுக்குச் சமமான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரு பதிலுக்கு விருந்தும் மற்றப் பதிலுக்கு மிச்சமும் பரிமாறினால், எது சரியான பதில் என்று தயாரித்தவர்களே காதில் ஓதுவதாகத்தானே ஆகும்? இந்த விளையாட்டு அதுவரை எவர் காதிலும் ஓதியதில்லை. மூன்றாவதில் க்ளோயியின் தந்தை வில்லியமைக் காப்பாற்றியதன் விலையாக அவள் கழுத்துக்குக் கீழே அசைவின்றிப் படுத்திருந்தாள். நான்காவதில் தன் உயிரை முடித்துவிடும்படி அவள் கேட்டபோது, சம்மதித்தவனுக்கும் மறுத்தவனுக்கும் ஒரே அளவு கனத்தைத்தான் கொடுத்தார்கள்.

அக்டோபர் 28, புதன்

இன்று எதையும் விளையாடவில்லை, எதையும் சாப்பிடவும் இல்லை.

நவம்பர் 1, ஞாயிறு

லண்டனில் நடந்த கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில், க்ளோயிக்குக் குரல் கொடுத்த ஆஷ்லி பர்ச்சுக்குச் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்திருக்கிறது. மனம் நிறைந்தது. ஐந்தாவதில் க்ளோயி பெரும்பகுதி காணாமலே போய்விடுகிறாள் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்தேன். அந்தக் குரல் இல்லாத இடங்களில்தான் அத்தியாயம் தளர்ந்து தளர்ந்து விழுகிறது.

2012 இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டின் முதல் பருவத்திலும் ஐந்தாவது அத்தியாயத்தில் எல்லாத் தேர்வுகளும் ஒரே குழிக்குள்தான் போய் விழுந்தன. நாம் இயக்கும் லீ எப்படியும் பிணப்பேயிடம் கடிபட்டவன், என்ன செய்தாலும் பிழைக்க மாட்டான். ஆயினும் எவரும் பெரிதாகக் குறைப்படவில்லை, ஏனென்றால் அந்தக் கடைசி அறையில் லீ தான் காத்து வளர்த்த சிறுமி க்ளெமெண்டைனுக்குச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அதுவரை அவளை எப்படி வளர்த்தோம் என்பதன் மீதே நின்றது. எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். பெரிய கிளைகள் வேண்டாம். நான் செய்தவற்றை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருந்தால் போதும்.

நவம்பர் 4, புதன்

அக்காவிடம் நீண்ட வாதம். மேக்ஸின் கதை முழுவதும் இழப்பை ஏற்கக் கற்றுக்கொள்வதுதான், ஆகவே கதையின் ஐந்து நாட்களும் அழிந்துபோவதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது அவளுடைய கட்சி. இருக்கலாம். அந்த நேர்மைக்கு நான் எதிரி அல்ல. ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா, அலிசாவைக் காப்பாற்றினாயா, கேட்டின் அழைப்பை எடுத்தாயா என்று ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பட்டியல் போட்டுக் காட்டியவர்கள் அவர்கள்தாம். சின்னச் சின்னக் கவனிப்புக்கு மதிப்பு உண்டு என்று நான்கு முறை பழக்கியது அவர்கள்தாம். மேக்ஸ் திங்கட்கிழமைக்குத் திரும்பியதும் அந்தக் கூரைக் காட்சி நடக்கவே இல்லை. நான் அந்த அறையில் நின்று படித்தது, நினைவில் வைத்தது, தவறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்தது எதுவுமே நடக்கவில்லை. மேக்ஸ் ஒருத்திக்கு மட்டும் நினைவிருக்கும். அவளோ அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வருகிறாளாம்.

நவம்பர் 6, வெள்ளி

எக்ஸ்ரே. காத்திருக்கச் சொன்னார்கள்.

நவம்பர் 8, ஞாயிறு

அக்கா நேற்று இரவே வந்துவிட்டாள். முறுக்குப் பாத்திரத்தை இறக்கி வைத்த கையோடு, தான் பார்க்காத அந்த இன்னொரு முடிவைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் சேமித்து வைத்திருந்த ஆட்டத்திலேயே, கலங்கரை விளக்கத்திலிருந்து தொடங்கினோம். க்ளோயியை விடும் பொத்தானை அவளால் அழுத்த முடியவில்லை, நான்தான் அழுத்தினேன்.

இறுதிச் சடங்கு வந்தது. கறுப்பு உடையில் வரிசையாக நிற்பவர்களைக் காமிரா மெதுவாகக் கடந்துபோகிறது. திடீரென்று என் கையைப் பிடித்து, “டேய், நிறுத்து, நிறுத்து. அது கேட் இல்ல?” என்றாள். கேட்தான். அவள் ஆட்டத்தில் செவ்வாய்க்கிழமை கூரையிலிருந்து குதித்து இறந்த கேட், வெள்ளிக்கிழமை அங்கே உயிரோடு நின்றுகொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் மாறிவிட்டதால் அந்தக் கூரைக்கு அவள் ஏறவே இல்லை. எனக்கு இது தெரிந்த கணக்குதான், ஆனால் கேட்டை இழந்த ஒருவருடைய கண் வழியே இந்தக் காட்சியை நான் யோசித்ததே இல்லை.

அக்கா அழுதாள். மார்ச்சிலிருந்து தூக்கிச் சுமந்ததை ஐந்தாம் அத்தியாயம் தனக்கு இறக்கி வைத்துவிட்டது என்றாள். எனக்கு அது எதையும் இறக்கி வைக்கவில்லை, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்றேன். அப்படியானால் ஊரைக் கைவிட்டவர்களுக்கும் இதில் பாதியளவாவது செய்திருக்க வேண்டாமா என்று உடனே அவளே கேட்டாள். அதில் மட்டும் எங்களுக்குள் பேதம் இல்லை. கனவுப் பகுதியைப் பற்றித் தொடங்கியபோது அம்மா எழுந்து வந்து விளக்கை அணைத்துவிட்டார்.

நவம்பர் 9, திங்கள்

முடிவு வந்துவிட்டது. வியாழக்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். மடிக்கணினி கொண்டுபோகலாமா என்று அக்கா கேட்டு வருகிறாள்.