ரூபா இறங்கியது, எல்லைத் தொகை நகரவில்லை

இலங்கையில் அரச நிதியில் நடக்கும் ஒரு வேலையை யாரிடம், எந்த முறையில் ஒப்படைப்பது என்பதைப் பெரும்பாலும் ஒரு தொகைதான் தீர்மானிக்கிறது. மதிப்பீடு குறித்த தொகைக்கு உட்பட்டிருந்தால் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ நேரடியாகக் கொடுக்கலாம். அதைத் தாண்டினால் விலைமனுக் கோர வேண்டும். இன்னும் மேலே போனால் பத்திரிகையில் அறிவித்தல் போட்டுப் பகிரங்கக் கேள்வி (ரெண்டர்) கோர வேண்டும். இந்த எல்லைகள் எல்லாம் ரூபாவில் எழுதப்பட்டவை. ஆகவே ரூபாவின் பெறுமதி இறங்கும்போது, எவரும் கையொப்பமிடாமலே இவையும் இறங்கிவிடுகின்றன. வன்னியில் சிறு குளங்களோடும் உள்ளக வீதிகளோடும் சம்பந்தப்பட்ட எவருக்கும் இது கடந்த சில ஆண்டுகளில் அனுபவமாகியிருக்கும். மாவட்டச் செயலகமான கச்சேரிக்குள்ளும் பிரதேச செயலகத்துக்குள்ளும் இதைப் பற்றிப் பேச்சு உண்டு. பயனாளிகளான எங்கள் பக்கத்திலிருந்தும் எழுத வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்ரெம்பரில் 69.8 வீதத்தைத் தொட்டது. 2022 ஜனவரியிலிருந்து 2023 ஜனவரி வரையான ஓராண்டில் மட்டும் விலைகள் ஏறத்தாழ 54 வீதம் உயர்ந்தன. விளங்கிக்கொள்வதற்காக, சங்கத்துக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடிய எல்லை 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓராண்டு முடிவில் அதே 20 இலட்சத்துக்கு, ஆண்டுத் தொடக்கத்தில் 13 இலட்சத்துக்குச் செய்திருக்கக்கூடிய வேலையைத்தான் செய்ய முடியும். எல்லையை 7 இலட்சத்தால் குறைக்கிறோம் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தால் சங்கங்கள் மகஜர் கொடுத்திருக்கும், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்திருக்கும். விலையேற்றம் அதே குறைப்பைச் செய்தபோது கேட்பதற்கு ஆளில்லை. பணவீக்கம் பின்னர் தணிந்து 2024 செப்ரெம்பரில் பூச்சியத்துக்குக் கீழும் போனது உண்மைதான். ஆனால் ஏறிய விலைகளில் பெரும்பகுதி ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. பணவீக்கம் குறைந்துவிட்டதே, இனி எல்லையை ஏன் திருத்த வேண்டும் என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கட்டுமான வேலையின் நிலைமை பொதுவான சுட்டெண் காட்டுவதைவிட வேறுபட்டது. குளக்கட்டு வேலையோ கிரவல் வீதியோ எதை எடுத்தாலும் செலவில் பெரும் பங்கு டிப்பருக்கும் மண் வெட்டும் பெக்கோவுக்கும் போகிறது. அதாவது டீசலுக்குப் போகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் டீசல் லீற்றர் 121 ரூபா. ஜூன் இறுதியில் 460 ரூபா. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை மறுவருடம் மூவாயிரத்தை எட்டியது. கொழும்பிலிருந்து வரும் கம்பிக்கும் சீமெந்துக்கும் ஏற்றுகூலி சேர்வதால், முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றில் கட்டும் ஒரு மதகு எப்போதும் பட்டினத்து மதகைவிடக் கூடிய செலவு பிடிக்கும். எல்லைத் தொகையோ நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

ஒரு குளத்துத் திருத்தம் பற்றிப் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பழைய மதிப்பீட்டையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். அளவுப் பத்தியில் ஓர் எண்கூட மாறவில்லை. அதே நீளம், அதே மண் கனவளவு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அதே துருசு. விலைப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை மாறியிருந்தது. "ஐயா, வேலை அதே வேலைதான். விலையைப் போட்டுப் பார்த்தால் அமைப்புக்குக் குடுக்கிற அளவைத் தாண்டுது. ஒண்டில் கேள்விக்கு விடவேணும், இல்லாட்டி வேலையைக் குறைக்கவேணும்" என்றார். முன்வரிசையில் இருந்த வயதான கமக்காரர் ஒருவர், "துருசைத் திருத்தாமல் கட்டை மட்டும் உயர்த்தினால் தண்ணி எங்கால வரும், தம்பி?" என்று கேட்டார். உத்தியோகத்தரிடம் பதில் இல்லை; இருந்திருக்கவும் முடியாது. முடிவில் துருசு அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டது.

வேலையைக் குறைக்காமல் கேள்விக்கு விட்டால் என்ன என்று கேட்கலாம். எங்கள் பகுதியில் இதற்கு விடை சொல்வது பருவமழைதான். சிறுபோக அறுவடை முடிந்து குளம் வற்றிய பின்னர், ஒக்ரோபரில் மழை தொடங்குவதற்கு முன்னர் கிடைக்கும் சில வாரங்களில்தான் கட்டிலும் துருசிலும் கைவைக்க முடியும். அரச கொள்வனவுக்கான விதிகளைச் சொல்லும் 2006 பெறுகை வழிகாட்டியின்படி தேசிய போட்டிக் கேள்விக்குக் குறைந்தது 21 நாட்கள் அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, பெறுகைக் குழு, ஒப்பந்தம் என்று நாட்கள் போகும். வரவுசெலவு ஆண்டு டிசம்பர் 31உடன் முடிவதால், செலவழியாத பணம் திரும்பிவிடும். ஆகவே நியாயமான போட்டிக்காக எழுதப்பட்ட ஒரு விதி, 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளம் ஒன்றில் வேலையே நடக்காமல் போகக் காரணமாகிவிடுகிறது.

சங்கம் செய்யும் வேலையில் இன்னொரு நன்மையும் உண்டு. ஊரவர்களே கூலிக்கு நிற்பதால் பணம் ஊருக்குள் சுற்றுகிறது. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் மாதர் சங்கங்கள் மூலம் இவ்வேலைகளில் நாட்கூலி பெற்றிருக்கிறார்கள். கொங்கிறீற்றில் சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவையில் போகிறதா என்பதை, அந்த வீதியால் நாளைக்கு நடக்கப்போகிறவர்களே பக்கத்தில் நின்று எண்ணுகிறார்கள். வேறு மாவட்டத்திலிருந்து இயந்திரத்தோடு வந்து இரண்டு வாரத்தில் திரும்பிப் போகும் ஒப்பந்தகாரர் எல்லோரும் மோசமானவர்கள் அல்லர். நல்ல வேலை செய்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் பிழை கண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது ஊருக்குத் தெரிவதில்லை.

எல்லை நெருக்கும்போது நடக்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே வீதியை மூன்று துண்டாக்கி, மூன்று மதிப்பீடு எழுதி, ஒவ்வொன்றையும் எல்லைக்குள் அடக்குகிறார்கள். விதி இதைத் தடைசெய்கிறது. கணக்காய்வு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது நல்லெண்ணத்தோடு கையொப்பம் வைத்த உத்தியோகத்தர். களவெடுக்க நினைத்தவரும், மழைக்கு முன் வேலையை முடிக்க நினைத்தவரும் ஒரே கோப்பில் ஒரே மாதிரித் தெரிவது நிருவாகத்துக்கு நல்லதல்ல.

எல்லையை உயர்த்தினால் ஊழல் பெருகும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. நேரடி ஒப்பந்தத்தில் உறவும் கட்சியும் புகுந்த இடங்கள் உண்டு. எல்லையை உண்மையாகவே கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்பது விவாதித்து முடிவெடுக்க வேண்டிய விடயம். நான் கேட்பது அதற்கு முந்தியது: ஒருமுறை முடிவெடுத்த பெறுமதி அப்படியே நிலைக்க வேண்டும். மதிப்பீட்டையும் கொடுத்த தொகையையும் வேலைத்தலத்தில் பலகையில் எழுதி வைப்பதைக் கண்டிப்பாக்கினால் அச்சத்தில் ஒரு பங்கு குறையும்.

ஐக்கிய அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். கூட்டாட்சி அரசின் கொள்வனவு எல்லைகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அதன்படி 2025 ஒக்ரோபரில் மிகச்சிறு கொள்வனவின் எல்லை 10,000 டொலரிலிருந்து 15,000 ஆகவும், எளிய முறைக் கொள்வனவின் எல்லை 250,000 டொலரிலிருந்து 350,000 ஆகவும் உயர்ந்தன. அதே சட்டம் சில எல்லைகளுக்கு விலக்கும் அளிக்கிறது. அரச கட்டுமானத் தொழிலாளருக்கு அந்தந்த இடத்து வழக்கமான கூலியை உறுதிசெய்யும் டேவிஸ்–பேக்கன் சட்டத்தின் 2,000 டொலர் எல்லை 1935இலிருந்து மாறவில்லை. அதை உயர்த்தினால் சிறு வேலைகளின் தொழிலாளர்கள் பாதுகாப்பை இழப்பார்கள். எங்களிடமும் கூலி, பாதுகாப்பு, தகவல் வெளியீடு சார்ந்த எல்லைகளை இதேபோல் தனியே பிரித்துவைக்க வேண்டும்.

2006 வழிகாட்டிக்குப் பதிலாகப் புதிய பெறுகை வழிகாட்டி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் எல்லைகள் திருத்தப்பட்டதுண்டு. சுற்றறிக்கை வந்தபோது திருந்தின. 2022ஐக் கண்ட நாட்டுக்கு அமெரிக்காவின் ஐந்தாண்டுக் காத்திருப்பும் மிக நீண்டது. தேசிய பெறுகை ஆணைக்குழு ஆண்டுக்கு ஒருமுறை எல்லைகளைப் பார்க்க வேண்டும். வேலைகளுக்கான எல்லைக்கு, உணவு விலையால் ஆட்டம்காணும் நுகர்வோர் சுட்டெண்ணைவிட, நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் கட்டுமான விலைச் சுட்டெண்களே பொருந்தும். ஒப்பந்தங்களின் விலைச் சீராக்கலுக்கு ஏற்கெனவே அவற்றைத்தானே பயன்படுத்துகிறோம். கிடைக்கும் தொகையைக் கிட்டிய இலட்சத்துக்கு முழுமையாக்கி, வரவுசெலவுத் திட்டத்தோடு நவம்பரிலேயே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜனவரியில் சரியான எல்லையை வைத்து மதிப்பீடு எழுதுவார். துருசும் கட்டும் ஒரே ஒப்பந்தத்தில், ஓகஸ்டில் குளம் வற்றும்போது தொடங்கத் தயாராக இருக்கும்.